நோன்பும் நோயும்: உணவுநூல் பயிலும் மாணவியரை முன்னிட்டு ஒரு சிந்தனை

உண்ணாமை இருவகைப்படும். ஒருவர் தம் விருப்பத்தால் மேற்கொண்டு, குறித்த நாளில் முடித்து, அமைதியாகப் பாரணை செய்வது ஒருவகை. ஒருவரைத் தான் பற்றிக்கொண்டு, அவரே விரும்பினும் முடிக்கவொட்டாமல் நிற்பது மற்றொரு வகை. முன்னதை நோன்பு என்கிறோம். பின்னதை நோய் என்கிறோம். பெயரளவில் பிரித்துக் காட்டுவது எளிது. ஆயினும் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி பாதித் தட்டோடு எழுந்து செல்லும்போது, அவள் செய்தது இவ்விரண்டில் எது என்று பெற்ற தாயாலும் பலவேளை சொல்ல இயலுவதில்லை. இவ்வினா எல்லார்க்கும் உரியதே எனினும், உணவையே பாடமாகக் கொண்டு கற்கும் கல்லூரி மாணவியரை முன்னிட்டு இங்கே ஆராயப் புகுகின்றோம். உணவைப் பற்றி மிகுதியாக அறிந்தோரிடத்தில் உணவால் வரும் மனநோய் குறைந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. உண்மை நிலை அத்துணை எளிதாக இல்லை.

காவிரிப் படுகையின் இயல்பை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. கரந்தை ஆதிநாதர் ஆலயத்துக்கோ, மன்னார்குடி மல்லிநாதர் ஆலயத்துக்கோ, தீபங்குடிக்கோ சென்று வருவோர் வழிநெடுகக் காண்பது நெல் வயலே. குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டே நெல்லால் கணக்கிடப்படும் நாடு இது. ஒருவரையொருவர் சந்தித்தால் முதலில் கேட்பது ‘சாப்பாடு ஆயிற்றா’ என்பதுதான். இத்தகைய ஊர்களிலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் சென்று மனையியலும் ஊட்டச்சத்தியலும் கற்கும் மகளிர் பலர். 1957-இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கப்பெற்ற நாள்முதல் இக்கல்வி தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஆசிரியப் பணியையும், மருத்துவமனைப் பணியையும், பிறர் பசி தீர்க்கும் அரசுத் திட்டங்களில் இடத்தையும் தந்து வந்துள்ளது. அதன் நன்மையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று.

எனினும் அக்கல்வியின் முதலாண்டிலேயே நிகழும் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழியாக டாக்டர் சி. கோபாலனும் உடனாசிரியர்களும் 1971-இல் வெளியிட்ட உணவு மதிப்பு அட்டவணைகள் நெடுங்காலம் இத்துறை மாணவர் அனைவர் கையிலும் இருந்தவை. 2017-இல் புதிய அட்டவணை வந்தது. புழுங்கலரிசி நூறு கிராமுக்கு 346 கலோரி என்று பழைய அட்டவணை கூறும். நேற்றுவரை அவளுக்கு அது சோறு. பாட்டி பிசைந்து உருட்டிக் கையில் வைத்த உருண்டை. இன்று முதல் அது 346. தட்டைப் பார்த்தவுடன் கூட்டல் கணக்கு ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலோர்க்கு அக்கணக்குத் தேர்வு முடிந்ததும் அடங்கிவிடும். சிலர்க்கு அடங்குவதில்லை.

அரிசியின்மேல் ஐயம் கொள்ளும் வழக்கமும் இத்துறையில் பழையதே. 1918-இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு நிலையமே பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அங்கே 1920-களில் ராபர்ட் மக்காரிசன் என்பார் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு ஊட்டி எடை பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடமும், சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்ட எலிகள் கடையிடமும் பெற்றன. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியில் குறையுண்டு என்பது அறிவியல் உண்மை, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘நம் சோறு தாழ்ந்த சோறு’ என்னும் எண்ணம் அன்று முதல் படித்தவர் மனத்தில் ஓரமாய் ஒதுங்கியிருந்தது. இன்று நீரிழிவு பற்றிய அச்சம் அதற்கு வலுவூட்டுகிறது. நெல் விளையும் ஊரில் பிறந்த மாணவி உணவைக் குறைக்கத் தொடங்கும்போது முதலில் விலக்குவது சோற்றையே என்பதில் வியப்பில்லை. (எலியின் எடையைக் கொண்டு ஒரு மக்களின் உணவுக்குப் பட்டம் சூட்டிய அறிவியலையும் மாணவியர் சற்று ஐயுறலாம் என்பது நம் கருத்து.)

இனி, இந்நோய் எத்துணை பரவலானது என்னும் வினாவுக்கு வருவோம்.

மேலைநாட்டார் ‘அனரெக்சியா நெர்வோசா’ என்று வழங்கும் பட்டினி நோய்க்கு அப்பெயரை 1870-களில் இட்டவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். அளவின்றி உண்டு பின் வலிந்து வாந்தியெடுக்கும் ‘புலிமியா’ 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸலால் தனியே அடையாளம் காணப்பட்டது. தூய உணவு, சரியான உணவு என்ற எண்ணமே பித்தாக முற்றும் நிலைக்கு 1997-இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் ‘ஆர்த்தொரெக்சியா’ எனப் பெயரிட்டார். இது இன்னும் தனி நோயாக அதிகாரபூர்வப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. இவற்றுள் முதலாவது மிகக் கொடியது. மனநோய்களுள் உயிரிழப்பு விகிதம் மிகுந்தவற்றுள் ஒன்று அது. நோயுற்றோர் ஆயிரவருள் ஆண்டுக்கு ஐவர் அளவில் இறக்கின்றனர் என்பதும், அவ்விறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கு.

நம் மாநிலத்தில் இப்பொருள் பற்றி நடந்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது 1998-இல் வெளியானது. சென்னையில் மருத்துவ மாணவர் 210 பேரை உசாவிய மனநல மருத்துவர்கள், அவருள் 31 பேரிடம் உணவு பற்றிய மனவேதனை இருப்பதைக் கண்டனர். ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர். அது முற்றிய பட்டினி நோயன்று. அதன் மென்மையான வடிவம். இதற்கு மூன்றாண்டு முன்பு, 1995-இல் டில்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினர். உணவை மறுத்தனர்; உடல் மெலிந்தனர்; மாதவிலக்கு நின்றது. ஆனால் ‘பருத்துவிடுவேன்’ என்ற அச்சத்தை அவர்கள் வெளிப்படக் கூறவில்லை. ஆதலின் நோய் இன்னதென்று அறிவதே கடினமாயிற்று. நம் நாட்டில் இந்நோய் மேலைநாட்டுப் பாடநூல் வருணிக்கும் உடையில் வருவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று. வயிறு உப்புகிறது என்னும், செரிக்கவில்லை என்னும், இன்று அட்டமி என்றும் சொல்லும்.

உணவுநூல் மாணவரைப் பற்றித் தனியே பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. காரணத்தை நோக்கின், குறை பெரும்பாலும் அளவுகோலில் இருக்கிறது. 1982 முதல் வழங்கும் 26 வினாக்கள் கொண்ட ஒரு சோதனைத்தாளை எடுத்துக்கொள்வோம். 20 மதிப்பெண் பெற்றால் நோய்க்கு வாய்ப்புண்டு, மருத்துவரைக் காண்க என்பது அதன் விதி. உண்ணும் பொருளின் கலோரி அளவை அறிந்திருக்கிறாயா என்பது அதில் ஒரு வினா. உணவுநூல் மாணவிக்கு அது வீட்டுப்பாடம். ‘எப்போதும்’ என்றுதான் விடையளிப்பாள். பசித்தும் உண்ணாமல் இருப்பதுண்டா என்பது மற்றொன்று. நம் இல்லங்களில் சதுர்த்தசி நோன்பிருக்கும் எந்தப் பாட்டியும் அதற்கு ‘ஆம்’ என்பார். இவ்வாறு படிப்புக்கும் பண்பாட்டுக்கும் மதிப்பெண் விழுந்து நோயின் கணக்கு ஏறிவிடுகிறது. தூய உணவுப் பித்தை அளக்க 2005-இல் இத்தாலியில் ஆக்கப்பட்ட ‘ஆர்ட்டோ-15’ என்னும் தாளோ இன்னும் மோசம். சில நாடுகளில் உணவுநூல் மாணவருள் பாதிக்கு மேற்பட்டோரை அது நோயாளர் ஆக்கிற்று. பாதிப்பேர் நோயாளர் என்று ஓர் அளவுகோல் கூறுமாயின், அளவுகோலையே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எண்களின் கூச்சலை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது இது: உண்ணும் அளவை மனத்தால் கட்டுப்படுத்தும் போக்கு இம்மாணவரிடம் பிறரைவிட மிகுதி என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன, முற்றிய நோய் மிகுதி என்பதற்குச் சான்று அத்துணை உறுதியாக இல்லை. 2010-இல் வெளியான ஜெர்மனி நாட்டு ஆய்வொன்று இன்னொரு செய்தியும் தருகிறது. முதலாண்டு மாணவரையும் மூத்த மாணவரையும் ஒப்பிட்டபோது, படிப்பு முன்னேறத் தூய உணவு பற்றிய மிகைக்கவலை வளரவில்லை; சற்றே தணியும் போக்குத்தான் காணப்பட்டது. அப்படியாயின் கல்வி நோயைத் தரவில்லை. கவலையோடு வந்தவர்கள் அக்கல்வியைத் தேடி வந்தனர் எனக் கொள்ளவும் இடமுண்டு.

இவ்விடத்தில் ஒரு பழைய சோதனையை நினைவுகூர்வது பயன்தரும். அகிம்சைப் பற்றுடையோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. இரண்டாம் உலகப் போரின்போது கொலைத் தொழிலுக்கு உடன்படோம் என்று போர்ப்பணியை மறுத்த அமெரிக்க இளைஞருள் 36 பேர், போரால் பட்டினியுற்ற மக்களை மீட்கும் வழி அறியப்படுவதற்காகத் தம் உடலையே ஒப்படைத்தனர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் 1945-இல் இருபத்துநான்கு வாரம் அவர்களுக்கு அரைப்பட்டினி உணவு அளித்தார். அவர்கள் தம் எடையில் நான்கிலொரு பங்கை இழந்தனர். உடலும் மனமும் நலமுற்றிருந்த அந்த ஆடவர், சில வாரங்களில் உணவைத் தவிர வேறெதையும் எண்ண இயலாதவர் ஆயினர். சமையல் நூல்களை வாங்கிச் சேர்த்தனர். சிறு துண்டுகளாக்கி நெடுநேரம் வைத்து உண்டனர். கோடையிலும் குளிர்ந்தனர், நாடி தளர்ந்தது, நட்பு கசந்தது. இனிச் சமையற்றொழிலே செய்வோம் என்று எண்ணியவரும் அவருள் உண்டு. சோதனை முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்தபின்னும் பசி அடங்காமல் பலர் தவித்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பட்டினி கிடப்பவரை உணவு தன்பால் இழுக்கிறது. ஆகவே பதினாறு வயதில் மறைவாகப் பட்டினி தொடங்கிய பெண், பதினேழு வயதில் உணவுநூலைத் தன் பாடமாகத் தேர்ந்தால், அத்தேர்வைச் செய்தது அவள் அறிவா, அவள் பசியா? கல்லூரி வாயிலில் வரவேற்கும் ஆசிரியைக்கு அவள் ஆர்வம் மிக்க மாணவியாகத் தோன்றுவாள். ஆர்வமும் பொய்யன்று. மற்றவர்க்கு அன்போடு சமைத்துப் பரிமாறி, தான் ஒரு கவளமும் கொள்ளாமல் எழுவது இந்நோயில் அடிக்கடி காணப்படும் குறி.

அறிவு ஏன் அவளைக் காக்கவில்லை என்ற வினாவுக்கு நம் சமயம் ஒரு விடையை நெடுநாளாகவே வைத்திருக்கிறது. மும்மணிகளை வரிசைப்படுத்தும்போது நற்காட்சியை முதலிலும், நல்ஞானத்தை அதன்பின்னும், நல்லொழுக்கத்தை இறுதியிலும் வைப்பர். காட்சி திரிந்தவிடத்து ஞானம் பெருகினால் அது திரிந்த காட்சிக்கே ஏவல் செய்யும். இந்நோயுற்றவளுக்குக் கண்ணாடியில் தோன்றும் உருவம் மெய்யுருவன்று. எலும்பு தெரியும் தோளைப் பருத்த தோளாகக் காண்கிறாள். அவளுக்குக் கலோரி அட்டவணையைக் கற்பித்தால் அதைக் கொண்டு இன்னும் திறமையாகப் பட்டினி கிடப்பாள். எந்தச் சத்து குறைந்தால் எந்தக் குறி தோன்றும் என்பதை அறிந்து அக்குறியை மறைக்கவும் கற்பாள். அறிவுரையால் இந்நோய் தீராமைக்குக் காரணம் இதுவே. அவளுக்கு அறிவுரை சொல்ல வருவோரைவிட அவள் அதிகம் படித்தவள்.

இனி நோன்புக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். காவிரி கடலோடு கலக்கும் புகாரில் நிகழ்ந்ததாக மணிமேகலை கூறும் காயசண்டிகையின் கதை பலர் அறிந்தது. (அது பௌத்தர் காப்பியம், நம்மவர் நீலகேசி இயற்றி வாதிட்ட சமயத்தின் நூல். நல்ல கதை எங்கிருப்பினும் கொள்ளத்தக்கதே.) எவ்வளவு உண்டும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய் அவளைப் பற்றியது, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட பிடிசோறு அதனைத் தீர்த்தது. கதையின் இப்பகுதியையே யாவரும் எடுத்துரைப்பர். நாம் நோக்க விரும்புவது அந்நோய் வந்த வரலாற்றை. விருச்சிகன் என்னும் முனிவன் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு நாவற்கனி உண்டு தவம் செய்தவன். அக்கனியை வைத்துவிட்டு நீராடச் சென்றிருந்தபோது காயசண்டிகை அறியாமல் காலால் சிதைத்துவிட்டாள். அவன் கடுஞ்சினம் கொண்டு, தான் உண்ணாதிருக்கும் பன்னிரண்டு ஆண்டும் அவள் பசித்திருக்கச் சபித்தான். பன்னிரண்டாண்டு உணவைத் துறந்தவனின் உள்ளம் முழுவதும் ஒரு பழத்திலேயே இருந்தது. அவனுடைய உபவாசத்தை நோன்பு என்பதா, வேறொன்று என்பதா?

இக்கதைக்கு எதிரே நம் மரபின் கதையொன்றை வைத்துப் பார்க்கலாம். இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திராசாரியர்க்குத் துறவு நிலையில் பஸ்மக வியாதி என்னும் தீராப் பசிநோய் வந்தது என்பர். முனிவர்க்குரிய ஒருவேளைப் பிச்சையால் அந்நோய் தணியாது. ஆதலின் சல்லேகனை ஏற்று உடலை விட உத்தரவு தருமாறு அவர் தம் குருவை வேண்டினார். குரு மறுத்துவிட்டார். துறவுக்கோலத்தைச் சிலகாலம் களைந்து வைத்துவிட்டு, வயிறார உண்டு நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் தீட்சை பெறுக என்று பணித்தார். அவ்வாறே ஒரு சிவாலயத்தின் நிவேதன உணவை உண்டு நலமுற்றார் என்று கதை செல்கிறது. கதையின் ஒரு வடிவம் அவ்வாலயத்தைக் காஞ்சியிலும் மற்றொன்று காசியிலும் வைக்கும். சல்லேகனைக்கு உரிய காலம் எது என்று இலக்கணம் வகுத்த ஆசிரியர் இவரேயாவார் என்பதை மறக்கலாகாது. தவிர்க்க இயலாத இடுக்கண், வற்கடம், மூப்பு, தீராப்பிணி என்று அவர் வரையறுத்தார். தமிழில் அருங்கலச்செப்பு அதனைப் பின்பற்றும். தீர்க்கக்கூடிய நோய்க்குப் பட்டினி மருந்தாகாது என்பதைத் தம் உடலிலேயே கற்றவர் எழுதிய வரையறை அது என்று மரபு நம்மை எண்ண வைக்கிறது.

எண்ணிக்கையைக் கொண்டு இரண்டையும் பிரிக்கலாமோ எனின், இயலாது. நோன்பும் எண்ணுகிறது: இத்தனை நாள், இத்தனை பண்டம், இத்தனை வீடு. அனசனம், அவமோதரியம், விருத்திபரிசங்கியானம், ரசபரித்தியாகம் எனப் புறத்தவம் ஆறனுள் நான்கு உணவைப் பற்றியனவே. உடலை அருவருத்தலைக் கொண்டும் பிரிக்க இயலாது. அசுசித்துவ பாவனை உடலின் தூய்மையின்மையை எண்ணிப் பார்க்கவே சொல்கிறது. நோயுற்ற பெண் அப்பாவனையைத் தன் கட்சிக்குச் சான்றாகக் காட்டினால் என்ன விடை கூறுவது? இது நம்மைப் பலகாலம் வருத்திய வினா. நாம் கண்ட விடை இவ்வளவே: அப்பாவனை எல்லா உடலுக்கும் பொது, அரசனுடையதும் ஆண்டியினுடையதும் ஒன்றே என்று காட்டிப் பற்றைத் தளர்த்துவது. நோயோ தன் உடல் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பழிக்கிறது. நாள்தோறும் எடைப்பொறியில் ஏற்றி நிறுக்கிறது. அச்சமும் அருவருப்பும் நோகஷாயங்கள் ஒன்பதனுள் அடங்குவன. கஷாயத்தால் தூண்டப்பெற்று உயிர்ப்பிராணனுக்குச் செய்யும் ஊறு எதுவும் இம்சையே என்று தத்துவார்த்த சூத்திரம் கூறும். தன்னுயிர்க்குச் செய்வது இதற்கு விலக்கு என்று எவ்வுரையாசிரியரும் கூறவில்லை. சாவை விரும்புதல் சல்லேகனைக்கே குற்றமாக எண்ணப்பட்டுள்ளது.

நோன்பில் பாரணை உண்டு. நோய்க்குப் பாரணை நாள் வருவதேயில்லை. நாற்பது கிலோ என்று நிறுத்திய எல்லையை அடைந்ததும் எல்லை முப்பத்தெட்டுக்கு நகரும். நோன்பு தவறினால் பிராயச்சித்தம் உண்டு, செய்தால் முடிந்தது. நோய் ஒரு வாய் மிகையாக உண்டதற்கு ஒரு வாரம் தண்டிக்கும். நோன்பை ஏற்கக் குருவின் முன் நிற்க வேண்டும். அவர் ‘வேண்டாம்’ எனக்கூடும். நோய் எவர் முன்னும் நிற்காது, கதவைச் சாத்திக்கொள்ளும்.

இவ்வாறு பிரித்துவிட்டதால் நம் கடமை முடிந்தது என்று எண்ணின் அது தவறாகும். மனத்தளவில் இரண்டும் வேறாயினும் இதயத் தசைக்கும் ஈரலுக்கும் அவ்வேறுபாடு தெரியாது. மினசோட்டாவில் பட்டினி கிடந்தோரும் உயர்ந்த நோக்கத்தோடு கிடந்தவரே. நோக்கம் அவர்களை உணவுப் பித்திலிருந்து காக்கவில்லை. இத்தாலியில் சியன்னா நகரத்துக் கத்தரின் (1347–1380) இறைவழிபாடாக உணவைக் குறைக்கத் தொடங்கி, பின்னர் விரும்பினும் உண்ண இயலாதவளாகி, முப்பத்து மூன்றாம் வயதில் இறந்தாள். உண்ண முடியாமையை ஒரு நோய் என்றே அவள் தன் கடிதத்தில் குறித்திருக்கிறாள். 2016 அக்டோபரில் ஐதராபாத்தில் நம் சமயத்தைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுமி 68 நாள் உபவாசத்தை முடித்த சில நாளில் உயிர் நீத்தாள். அது குறித்து நாடெங்கும் எழுந்த விவாதத்தில் நம்மவர் பலர் சமயத்தைக் காக்கவே முனைந்தனர். வளரும் பிள்ளைக்கு அவ்வளவு நெடிய நோன்பு தகுமா என்ற வினா அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று. தகாது என்பது நம் துணிபு. பதினாறு காரண பாவனைகளுள் ‘சக்திக்கேற்ற தவம்’ என்று ஒன்று வைக்கப்பட்டுள்ளது. தவத்துக்கு முன் சக்தியை அளந்தறிக என்பது அதன் பொருள். எலும்பு முதிராத பருவத்தில் நாள்கணக்கில் உண்ணாதிருப்பவளைப் பூமாலையிட்டு ஊர்வலம் விடும் சமூகம், அதே மகள் கல்லூரி விடுதியில் வாடும்போது அதனையும் பெருமையாகவே காணும். தசலட்சண பருவத்தில் பத்துநாள் நோன்பை முதன்முதல் நோற்கும் பெண்ணிடம் ‘எத்தனை கிலோ குறைந்தது’ என்று உறவினர் கேட்பதை நாமே கேட்டிருக்கிறோம். தவத்துக்கு வேறு பயன் கிடைத்துவிட்டது போலும்!

மற்றொரு வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியுள்ளது. உண்ண மறுக்கும் பெண்ணிடம், ‘ஊரில் எத்தனையோ பேர் சோற்றுக்கு அலைகிறார்கள்’ என்று கூறி நாணவைப்பது பெரியோர் இயல்பு. கூறப்படும் செய்தி பொய்யன்று. இதே கீழத்தஞ்சையில் நெற்கூலியைச் சற்று உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்டு 44 பேர் மாண்டனர். இத்தகைய மண்ணில் சோற்றைத் தள்ளுவது நெஞ்சை உறுத்தத்தான் செய்யும். ஆனால் அவ்வுறுத்தல் ஏற்கெனவே அவளிடம் நிரம்ப இருக்கிறது. தான் உண்பதற்கே தகுதியற்றவள் என்று எண்ணுபவளிடம் பிறர் பசியைக் காட்டினால், அவள் பங்கையும் அவர்களுக்கே கொடுத்துவிடச் சொல்வாள்.

இந்நோய் உள்ளவரை உணவு ஆலோசகராகப் பயிற்றுவிக்கலாமா என்று சிலர் வினவுவர். விலக்குவது எளிய வழி. அதன் பயன் மறைத்தலே. நீரிழிவுற்ற மருத்துவர் நீரிழிவுக்கு மருந்தெழுதுவதை நாம் தடுப்பதில்லை. குணமடைந்தவர் பிறர் அறியாத ஒன்றை அறிந்தவராகவும் இருப்பார். நோய் முனைப்பாக இருக்கும் காலத்தில் மட்டும், குருவின் சொற்படி சமந்தபத்திரர் கோலத்தைக் களைந்து வைத்தது போல, நோயாளர்க்கு ஆலோசனை கூறும் பயிற்சியைச் சிலகாலம் ஒத்திவைக்கலாம். இடைநிறுத்தத்தை இழிவாக்காமல் ஏற்பாடு செய்வது கல்லூரியின் பொறுப்பு.

பாடமுறையிலும் சிறு மாற்றங்கள் போதும். செய்முறை வகுப்பில் மாணவியர் ஒருவரையொருவர் எடைபோட்டு, தோல்மடிப்பை அளந்து, ஒவ்வொருவர் உடற்பருமன் எண்ணையும் எல்லார் முன்னும் கரும்பலகையில் எழுதுவது பல இடங்களில் வழக்கம். அவரவர் உண்டதை மூன்றுநாள் குறித்துவந்து வகுப்பில் படிப்பதும் உண்டு. பிறர் தரவைக் கொண்டு இவற்றைக் கற்பித்தால் பாடத்துக்கு இழப்பொன்றும் நேராது.

வீட்டார் நோக்கவேண்டியவை சில. மாதவிலக்கு நின்றுபோதல், சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்று போர்வை தேடுதல், உணவு முடிந்தவுடன் குளியலறைக்குச் சென்று நெடுநேரம் இருத்தல், எல்லாருக்கும் தானே பரிமாறி ‘நான் முன்பே உண்டேன்’ என்றல். இவற்றைக் கண்டால் ஜாதகத்தையோ பூசையையோ நாடுமுன் மனநல மருத்துவரை நாடவேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதலிய அரசு மருத்துவமனைகளில் அப்பிரிவு உண்டு. 2022 முதல் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். நெடுநாள் பட்டினிக்குப்பின் ஒரேயடியாக மிகுந்த உணவு கொடுப்பதும் உயிருக்கு ஆபத்தாகும். நம் பாட்டிமார் பாரணையன்று முதலில் கஞ்சிநீர் கொடுத்த முறையில் மருத்துவ உண்மை இருக்கிறது.

கடைசியாக விடுதிகள் பற்றி ஒன்று. நம் பெண்கள் இரவுணவு கொள்ளாமை விரதத்தோடு விடுதி செல்கின்றனர். அங்கே உணவு மணி அடிப்பது பெரும்பாலும் இரவு ஏழரைக்கு. காலை இட்டலிக்கும் நண்பகல் சோற்றுக்கும் பின் மறுநாள் காலைவரை அவளுக்கு ஒன்றுமில்லை. தோழியர் உண்ணச் செல்லும்போது அவள் அறையிலிருப்பதை எவரும் வினவுவதில்லை; விரதம் என்று ஒரு சொல் போதும். விடுதிப் பொறுப்பாளரை அணுகி, அத்தமனத்துக்கு முன் மாலை ஐந்தரைக்கு நாலு பேருக்குச் சோறு எடுத்துவைக்க நம் சங்கத்தார் ஏற்பாடு செய்தல் கடினமன்று. சமையற்கட்டில் அந்நேரம் உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். விரதம் காப்பவள் அமர்ந்து உண்பாள். அப்போதும் உண்ண வாராதவள் யார் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.